நாவற்குடாக் கரையின் கலைக் கல்லூரி

நாவற்குடாவும் அதை ஒட்டிய நொச்சிமுனை, கல்லடியும் சேர்ந்த கரைத்துண்டில் இயங்கும் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், இசை, நடனம், நாடகம், காண்பியக் கலை ஆகியவற்றைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் ஒரு சிறிய வளாகம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நிறுவகம் என்ற தகுதி 2005இல் கிடைத்தது. ஆனால் வளாகத்தின் வயது அதைவிட அதிகம். 1982இல் அது விபுலானந்த இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கியது. அந்தக் கல்லூரிக்கு முன்னரும் இந்தக் கரையில் கலை கற்பிக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. அதற்குக் கட்டடமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ஊர் நடுவில் மணலைக் கூட்டி வட்டமாக உயர்த்திய களரி மட்டும் இருந்தது. கல்லூரியின் கலை வாழ்வு எவ்வாறு வளர்ந்தது என்பதும், வெளியே இருந்த களரி எவ்வாறு அதன் வாசலுக்குள் வந்தது என்பதும் ஒரே வரலாறுதான்.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனை வீதியில் தெற்கே போனால் கல்லடி, நொச்சிமுனை, நாவற்குடா, மஞ்சந்தொடுவாய், காத்தான்குடி என்று ஊர்கள் இடைவெளியில்லாமல் தொடர்கின்றன. மேற்கே வாவி, கிழக்கே கடல். இடைப்பட்ட மணல் நிலம் ஒரே நடையில் குறுக்கே கடந்துவிடக்கூடிய அகலந்தான். வாவி நிலத்துக்குள் வளைந்து புகும் இடங்கள் குடா என்றும், நிலம் வாவிக்குள் நீளும் இடங்கள் முனை என்றும் பெயர் பெற்றன. நாவற்குடா, தாளங்குடா, நொச்சிமுனை, மண்முனை, சீலாமுனை என்ற பெயர்களில் மரமும் நீரும் நிலமும் அப்படியே நிற்கின்றன. சுமார் 56 கிலோமீற்றர் நீளும் வாவியின் கிழக்குப் பக்கத்தை மட்டக்களப்பார் எழுவான்கரை என்பர். வயலும் காடுமாக விரியும் மேற்குப் பக்கம் படுவான்கரை. பள்ளிக்கூடம், அச்சகம், அலுவலகம், பின்னாளில் கல்லூரி எல்லாம் பெரும்பாலும் எழுவான்கரையில் எழுந்தன. கூத்தின் வேர் இரு கரையிலும் இருந்தாலும், நெடுங்காலம் அது தழைத்து நின்றது படுவான்கரை ஊர்களில்தான்.

ஊரில் கூத்துப் போடுவது என்று முடிவானதும் கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரை அழைத்து வருவார்கள். வடமோடியா தென்மோடியா, எந்தக் கதை என்பதை ஊர்ப் பெரியவர்களும் அவரும் இருந்து பேசித் தீர்ப்பார்கள். வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணக் கதைகளை எடுத்துப் போரில் முடியும். தென்மோடி கற்பனை அரசர் கதைகளை எடுத்துப் பெரும்பாலும் மணத்தில் முடியும். அடுத்தது சட்டங் கொடுத்தல். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பார்த்து, அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய பகுதியை வெற்றிலை பாக்குடன் கையில் கொடுக்கும் நாள் அது. குரல், உடல்வாகு, கால் ஓட்டம், குடும்பத்தின் நிலை எல்லாம் அண்ணாவியாரின் கணக்கில் வரும். தருமர் வேடம் தனக்கு வரும் என்று நம்பியிருந்தவருக்குச் சேவகன் வேடம் கிடைத்தால் மனத்தாங்கல் வரும். அதைப் பேசி ஆற்றுவதும் அண்ணாவியாரின் தொழிலில் ஒரு பகுதி.

பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். பகலெல்லாம் வயலிலும் தோணியிலும் கழித்தவர்கள் சாப்பாடு முடித்துக் களரிக்கு வருவார்கள். அண்ணாவியார் மத்தளத்தை மடியில் வைத்துத் தாளக்கட்டை வாயால் சொல்லி, பிறகு கையால் வாசிப்பார். ஆடுபவர் அந்தச் சொற்கட்டைக் காலால் திருப்பிச் சொல்ல வேண்டும். பிழைத்தால் மத்தளம் நின்றுவிடும். மீண்டும் முதலிலிருந்து வரவேண்டும். கால் ஓரளவு பழகியதும் சதங்கை அணியும் நாள் வரும். அதுவரை வெறுங்காலால் மணலில் ஆடியவர் முதன்முறையாகத் தன் அடியின் ஒலியைத் தானே கேட்பது அன்றுதான். ஊரே கூடி நிற்கும். வாரம் ஒருமுறை முழுக்கூத்தையும் ஓட்டிப் பார்ப்பது கிழமைக் கூத்து. இதற்கெல்லாம் பின்னரே அரங்கேற்றம். வட்டக்களரிக்கு மேலே வெள்ளை கட்டி, சுற்றிவரச் சனங்கள் பாய் விரித்து இருக்க, இரவு தொடங்கும் ஆட்டம் விடியும்வரை நடக்கும். வடமோடி அரசருக்குக் கரப்புடுப்பு என்ற உடையும் கெருடம் என்ற முடியும். தென்மோடி அரசருக்குப் பூமுடி. பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினார்கள்.

ஒரு கல்லூரியில் இருக்க வேண்டியவை அனைத்தும் இந்த முறையில் இருந்தன: தேர்வு, பாடம், நாட்பட்ட பயிற்சி, மூத்தோர் முன்னிலையில் சோதனை, முடிவில் அரங்கேற்றம். சான்றிதழ் மட்டுமே இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் பின்னர் வந்த பள்ளிகளும் கல்லூரிகளும் நீண்டகாலம் இதைக் கல்வியாகவே கணக்கில் எடுக்கவில்லை.

பள்ளிக்கூட மேடை மட்டக்களப்புக்கு வந்தது மிஷனரிமாரோடு. 1814இல் மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் இங்கு வந்து பள்ளி தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அதன் வழிவந்தது. கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தொடங்கியது. பரிசளிப்பு விழா, பாட்டுக் குழு, திரைச்சீலை தொங்கும் மேடையில் ஒரு மணி நேர நாடகம் என்பவை பள்ளியின் கலை வாழ்வாயின. பார்வையாளர் ஒரு பக்கம், ஆடுவோர் மறுபக்கம் என்ற ஏற்பாடும் அப்போது வந்ததுதான்.

இந்தப் பள்ளிகளில் படித்து வெளிவந்தவர்களில் ஒருவர் காரைதீவில் 1892 மார்ச் 27ஆம் திகதி பிறந்த மயில்வாகனன். விஞ்ஞானப் பட்டதாரி, மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், பிறகு இராமகிருஷ்ண மிஷன் துறவி. 1924இல் துறவு ஏற்றபின் விபுலானந்தர் என்று அறியப்பட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931இலும், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக 1943இலும் பொறுப்பேற்றார். கல்லடி உப்போடையில் 1929இல் அவர் திறந்துவைத்த சிவானந்த வித்தியாலயம் இந்தக் கரையின் கல்வி வரலாற்றில் முதன்மையானது. 1947 ஜூலை 19ஆம் திகதி கொழும்பில் காலமான அவருடைய உடல் அந்தப் பள்ளி வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. இறைவனுக்கு உகந்த மலர் எது என்று கேட்கும் அவருடைய பாடல் சமாதியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாவற்குடாவிலிருந்து அந்த இடம் சில நிமிடப் பயணம்.

கலைக் கல்லூரி ஒன்றுக்கு அவர் பெயர் பொருந்துவதற்கு இரு நூல்கள் போதும். 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணி நாடக இலக்கணம் பேசுகிறது. உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என்ற மூன்று இயல்களில் ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களையும், வடமொழித் தசரூபகத்தையும், சிலப்பதிகார அரங்கச் செய்திகளையும் அது ஒன்றாகப் பார்க்கிறது. பழந்தமிழ் யாழ் வகைகளைக் கணித வழியில் மீட்டெடுக்க முயன்ற யாழ்நூல், நெடுங்கால உழைப்பின்பின் 1947 ஜூன் மாதம் தஞ்சைப் பகுதியின் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. முழுநிலவு இரவில் கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் என்று சொல்லப்படும் மீன்பாட்டையும் அவர் இசை ஆய்வுக்குள் கொண்டுவந்தார். வாவி நீரில் பாடும் நீரர மகளிராக அவற்றைக் கற்பனைசெய்து பாடினார். ஆனாலும் மதங்க சூளாமணி கண்ட நாடக உலகில், அவர் பிறந்த மண்ணின் வடமோடி தென்மோடிகளுக்கு இடம் கிடைக்கவில்லை. காலத்தின் பார்வை அது. கற்றவர் நாடகம் என்று எண்ணியது ஒன்று, கற்றவரின் ஊரார் ஆடியது வேறொன்று.

இந்த இடைவெளியைக் குறைத்த முதற் பெருமுயற்சி மட்டக்களப்பில் நடக்கவில்லை. மலைநாட்டுப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1956 நவம்பரில் எதிரிவீர சரச்சந்திரவின் மனமே மேடையேறி, சிங்கள நாட்டார் நாடக மரபு நவீன அரங்கில் என்ன செய்யும் என்பதைக் காட்டியது. அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் விரிவுரையாளராக இருந்த சு. வித்தியானந்தன், கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராகவும் இருந்தார். அவர் மட்டக்களப்பு ஊர்களுக்கு வந்து கூத்துகளைப் பார்த்தார்; அண்ணாவிமாரைத் தேடிப் பேசினார்; தென்மோடிக் கூத்தான அலங்காரரூபன் நாடகத்தை 1962இல் பதிப்பித்தார். அதே ஆண்டு பேராதனை மாணவர்களைக் கொண்டு கர்ணன் போர் தயாரித்தார். தொடர்ந்து நொண்டி நாடகம் 1963இலும், இராவணேசன் 1964இலும், பின்னர் வாலிவதையும் மேடையேறின. கர்ணன் போருக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். ஒரு கிராமத்து அண்ணாவியார் பல்கலைக்கழக வளாகத்தில் நின்று பட்டப்படிப்பு மாணவருக்குத் தாளக்கட்டுச் சொல்லிக் கொடுத்தது, இந்த வரலாற்றின் திருப்புமுனைகளில் ஒன்று.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. விடிய விடிய ஆடும் கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருங்கியது. நான்கு புறமும் சனம் சூழ்ந்த வட்டக்களரி, ஒரு பக்கம் திறந்த படச்சட்ட மேடையாயிற்று. திரும்பத் திரும்பப் பாடும் பாட்டுகள் குறைந்தன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் படித்த கூட்டம் கூத்தை மதிக்கத் தொடங்கியது இந்தச் சுருக்கத்தால்தான் என்பதும் உண்மை. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர், 1943இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த சி. மௌனகுரு. பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆடியவரே ஆய்வாளராகவும் ஆசிரியராகவும் திரும்பிவந்தது இந்தக் கரைக்குக் கிடைத்த பேறு.

மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1981 ஆகஸ்டில் வந்தாறுமூலையில் தொடங்கியது. 1986 ஒக்டோபரில் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இசை நடனக் கல்லூரி எழுந்தது இடையில், 1982இல். மட்டக்களப்பின் நெடுநாள் நாடாளுமன்ற உறுப்பினரும் அன்றைய அமைச்சருமான செல்லையா இராசதுரை அதற்கு முன்னின்றார். வளாகத்தின் மண்டபம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. கர்நாடக சங்கீதமும் பரதநாட்டியமும் படிக்க யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போகவேண்டியிருந்த காலம் அது. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு, அதிலும் பெண்பிள்ளைகளுக்கு, அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளே பலருக்கு எட்டிய படி. வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு கலைக் கல்லூரி வந்ததும் இந்தக் கரையின் வீடுகளில் தம்புராச் சுருதியும் நட்டுவாங்கத் தட்டும் கேட்கத் தொடங்கின.

தொடக்கப் பாடத்திட்டம் அந்தக் காலத் தமிழ்க் கலைக் கல்லூரிகள் அனைத்துக்கும் பொதுவானது. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என்பன கலை. கூத்து, வசந்தன், பறைமேளம், மகிடி என்பன நாட்டார் வழக்கு. இந்தப் பாகுபாட்டை யாரும் தீங்கு நினைத்து வகுக்கவில்லை. சென்னையின் சபாக்களும் வானொலியும் கல்வித் திணைக்களமும் ஏற்றுக்கொண்ட அளவுகோலைக் கல்லூரியும் ஏற்றது. ஆனால் விளைவு கடுமையானது. அண்ணாவியாரின் பேரப்பிள்ளை தன் வீட்டு முற்றத்தில் கேட்டு வளர்ந்த தாளத்தை வாசலில் விட்டுவிட்டு, வகுப்புக்குள் ஆதிதாளம் படித்தது. கல்லூரி விழா நிகழ்ச்சி நிரலில் கூத்துக்கு ஓர் இடம் கிடைத்தால், பாட்டுக் கச்சேரிக்கும் நடனத்துக்கும் இடையில் பத்து நிமிடம்.

கல்லூரி காலூன்றுவதற்குள் போர் வந்தது. 1983க்குப் பின் நிலைமை மோசமாகி, 1990 ஜூனில் மீண்டும் சண்டை மூண்டதும் கிழக்கின் ஊர்கள் சிதறின. வந்தாறுமூலை வளாகத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் தஞ்சம் புகுந்தனர். செப்டம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் படையினரால் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. கலையின் வரலாற்றை எழுதும்போதும் இதைத் தாண்டிப் போக முடியாது. கொண்டுசெல்லப்பட்ட வயதினர்தான் களரியில் ஆடுகிற வயதினர்.

எழுவான்கரை படையினர் கட்டுப்பாட்டிலும் படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகள் கட்டுப்பாட்டிலும் இருந்த நீண்ட காலத்தில், வாவியைக் கடப்பதே ஒரு பயணமாயிற்று. இரவு நடமாட்டம் இல்லாதபோது விடிய விடிய ஆடும் கூத்தும் இல்லை. விழாக்கள் பகலுக்கு மாறின. இருட்டுமுன் பிள்ளைகள் வீடு சேரவேண்டும் என்பதால் ஒத்திகை பிற்பகலோடு முடிந்தது. சோதனைச் சாவடியில் மத்தள உறையைத் திறந்து காட்டவேண்டியிருந்த காலம் அது. அப்படியிருந்தும் வளாகங்களில் நிகழ்ச்சிகள் முற்றாக நின்றுபோகவில்லை. ஊரில் கூட்டம் கூட முடியாத நாட்களில், பத்துப் பேர் சேர்ந்து பாடவும் ஆடவும் இடம் தந்தவை பள்ளியும் கல்லூரியுமே.

இந்தச் சூழலில்தான், 1990களில், மௌனகுரு கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்து நுண்கலைத்துறையை வளர்த்தார். கூத்து பட்டப்படிப்பின் பாடமாயிற்று. அண்ணாவிமார் வளாகத்துக்கு அழைக்கப்பட்டு மாணவருக்கு ஆட்டம் பழக்கினர். உலக நாடக தினம் ஆண்டுதோறும் கொண்டாடப்பட்டது. சர்வதேச அரங்க நிறுவனம் 1962 முதல் அந்த நாளாகக் கொண்டது மார்ச் 27. விபுலானந்தரின் பிறந்த நாளும் அதுவே. தற்செயலான பொருத்தந்தான், ஆனால் மட்டக்களப்பு நாடகக்காரர் அதைத் தங்கள் பேறாகவே எடுத்துக்கொண்டனர். நவீன நாடகம், வடமோடி, பறைமேளக் கூத்து என்பவை ஒரே மேடையில் அடுத்தடுத்து வந்தன. பல ஆண்டுகளுக்கு முன் தான் ஆடிய இராவணேசனை மௌனகுரு தன் மாணவர்களைக் கொண்டு மீண்டும் தயாரித்தார்.

வளாகக் கூத்தில் வந்த பெரிய மாற்றம் பெண்கள். ஊர்க் களரியில் பெண் பார்வையாளர் மட்டுமே. வளாகத்தில் நுண்கலை படிக்க வந்தவர்களில் பெண்களே மிகுதி. ஆகவே அவர்கள் ஆடினார்கள். பெண் பாத்திரங்களோடு நிற்கவில்லை. அரசரும் கட்டியகாரனும் ஆனார்கள். பரதநாட்டியத்தில் பழகிய கால், வடமோடியின் எட்டு, வீசாணம் என்ற ஆட்டங்களுக்குத் திரும்புவது எளிதல்ல. பரதத்தில் உடல் நிமிர்ந்து ஓரிடத்தில் நின்று அளவெடுக்கும். கூத்தில் வட்டத்தைச் சுற்றி ஓடியபடியே பாடவும் வேண்டும். மூச்சு இரண்டுக்கும் போதவேண்டும். முதல் வாரங்களில் பாட்டு வந்தால் ஆட்டம் நிற்கும், ஆட்டம் வந்தால் பாட்டு நிற்கும். இரண்டும் சேரும் நாளில் மத்தளக்காரரின் முகத்தில் தெரியும் மலர்ச்சியே மாணவிக்குப் பெறுபேறு.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது, பாதைகள் திறந்தன, படுவான்கரைக் கோயில் முற்றங்களில் மீண்டும் மத்தளம் கேட்டது. இசை நடனக் கல்லூரி கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டதும் இந்த ஆண்டுகளில்தான். இடையில் 2004 டிசம்பர் 26 வந்தது. கல்லடி, நாவலடி, நாவற்குடாவின் கடலோரம் முழுவதையும் ஆழிப்பேரலை அடித்துச் சென்றது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் சாய்ந்து நின்ற காட்சியை அந்த நாட்களில் கண்டவர் மறக்கமாட்டார். முகாம்களில் இருந்த பிள்ளைகளோடு பாடவும் வரையவும் விளையாடவும் கலை மாணவர்களும் நாடகக் குழுக்களும் போனார்கள். அடுத்த ஆண்டு கல்லூரி நிறுவகமாயிற்று. இசை, நடனம், நாடகமும் அரங்கியலும், காண்பியத் தொழில்நுட்பக் கலை என்ற துறைகள் அமைந்தன; நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு வந்தது. நாடெங்கிலுமிருந்து மாணவர் சேர்ந்தனர். மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் காமன் கூத்தைக் கொண்டுவந்தனர். வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் தங்கள் ஊர்க் கூத்து மெட்டுகளைக் கொண்டுவந்தனர். மட்டக்களப்பு மரபு முதன்முறையாகத் தன் ஒன்றுவிட்ட உறவினரோடு ஒரே விடுதியில் தங்கியது.

இதே காலத்தில் கூத்தைப் பற்றிய ஒரு முக்கியமான கருத்து வேறுபாடு வளாகத்தில் உருவாயிற்று. வித்தியானந்தன் வழி, கூத்தைச் செம்மை செய்து நவீன மேடைக்குக் கொண்டுசெல்வது. கிழக்குப் பல்கலைக்கழக விரிவுரையாளர் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் என்ற குழுவினரும் வேறு வழி பிடித்தனர். கூத்து ஊரின் சொத்து. அதை ஊரிலிருந்து எடுத்து மேடையில் வைப்பதைவிட, ஊருக்குள்ளேயே, ஊராரோடு இருந்து, இன்றைய வாழ்வுக்கு ஏற்பத் திருத்த வேண்டும் என்றனர். மட்டக்களப்பு நகரை அடுத்த சீலாமுனையில் நடந்த கூத்து மீளுருவாக்கம் இதன் எடுத்துக்காட்டு. பெண்ணையும் சாதியையும் இழிவாகப் பேசும் வரிகள் கூத்துக் கொப்பியில் எங்கெங்கு இருக்கின்றன என்று அண்ணாவியார், ஆடுவோர், ஊரார், ஆய்வாளர் எல்லோரும் இருந்து வாசித்தனர்; விவாதித்தனர்; மாற்றி எழுதினர். ஆனால் வட்டக்களரியும் இரவும் நீண்ட பழக்கமும் அண்ணாவியாரின் தலைமையும் அப்படியே இருந்தன.

இரு வழிகளுக்கும் இடையிலான விவாதம் கட்டுரைகளிலும் கருத்தரங்குகளிலும் நீண்டது. சில வேளை சூடாகவும் இருந்தது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது சரியல்ல. மேடைக் கூத்து இல்லாதிருந்தால் பல்கலைக்கழகம் கூத்தைத் திரும்பிப் பார்த்திருக்காது. மீளுருவாக்கம் இல்லாதிருந்தால் பல்கலைக்கழகத்தில் உள்ளதே கூத்து என்றாகியிருக்கும். ஆயினும் ஒரு விஷயத்தில் பிந்திய வழியின் கேள்வி கூர்மையானது: கற்பிப்பவர் யார்? பேராதனையில் அண்ணாவியார் பழக்கினார். நெறியாளர் பெயர் வரலாற்றில் நின்றது. சீலாமுனையில் ஆய்வாளர் ஊராரோடு ஒருவராகக் களரியில் இருந்தார்.

பறைமேளம் வளாகத்துக்கு வந்த கதை இன்னும் சிக்கலானது. மட்டக்களப்புப் பகுதியில் பறை வாசிப்பு குறிப்பிட்ட சமூகத்தின் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. கோயில் சடங்கிலும் மரண வீட்டிலும் அவர்கள் வாசித்தே ஆகவேண்டும். ஆனால் மரியாதை கிடையாது. அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்தச் சமூகத்தைப் பற்றி 1983இல் எழுதிய கட்டுரை அந்த நிலையை விரிவாகப் பதிவுசெய்கிறது. படித்து வேறு தொழிலுக்குப் போன இளைஞர் பறையைக் கைவிட விரும்பியது நியாயமான விருப்பம். அதே காலத்தில் வளாகம் பறையைக் கலையாகக் கொண்டாடத் தொடங்கியது. விழா ஊர்வலத்தின் முன்னே பறைமேளக் கூத்தர் ஆடிவந்தனர். மாணவர் அவர்களிடம் தாளம் கேட்டுப் பழகினர். தலைமுறைகளாக இழிவாகச் சொல்லப்பட்ட ஒன்றைப் பல்கலைக்கழகம் மாலையிட்டு வரவேற்றபோது சில மூத்த கலைஞர் பெருமிதம் கொண்டனர். அதை மறக்க நினைத்தவர்கள் சங்கடப்பட்டனர். இரண்டு உணர்வும் உண்மை. மரியாதை மேடையில் மட்டுமா, கலைஞரின் ஊர்த் தெருவிலுமா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

வளாகத்தின் ஓராண்டு இப்போது ஏறத்தாழ ஒரு வட்டமாக ஓடுகிறது. தைப்பொங்கல், மார்ச் மாத நாடக விழா, சித்திரைப் புத்தாண்டு. வைகாசியில் ஊர்களில் கண்ணகியம்மன் சடங்கும் குளுத்தியும் நடக்கும். அப்போது மாணவர் வீடுகளுக்குப் போகிறார்கள். விரிவுரையாளரும் குறிப்புக் கொப்பியோடு போவதுண்டு. கொம்புமுறி விளையாட்டும் வசந்தன் ஆட்டமும் அந்தச் சடங்குகளோடு பின்னியவை. வசந்தன் பாட்டுகளைத் தி. சதாசிவ ஐயர் 1940இலேயே மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டாகப் பதிப்பித்தார். மாணவருக்கு அது இன்றும் அடிப்படை நூல். ஜூலை 19இல் விபுலானந்தர் நினைவு. நவராத்திரியில் வாணி விழா: கொலுவுக்கு முன் வீணையும் மிருதங்கமும் மத்தளமும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டுப் பூசை நடக்கும். 1982இல் அந்த வரிசையில் மத்தளத்துக்கு இடம் கேட்க யாருக்கும் தோன்றியிராது.

பெரிய விழா என்றால் மண்டபத்துக்கு வெளியேயும் வேலை நடக்கிறது. காண்பியக் கலை மாணவர் தென்னங்குருத்தும் பனையோலையும் கொண்டு தோரணம் பின்னுகிறார்கள். மரத்தடியில் களரி அமைக்கிறார்கள். கடற்கரை மணலை உரப்பையில் கட்டித் தோளில் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து இறுக்கவேண்டும். இறுகாத மணலில் கால் புதையும், சதங்கை ஒலிக்காது. எவ்வளவு இறுகவேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லாது. அண்ணாவியார் வந்து ஒரு தடவை சுற்றி நடந்து பார்த்து, இன்னும் இரண்டு பை மணல் வேண்டும் என்பார். பிள்ளைகள் மீண்டும் கடற்கரைக்குப் போவார்கள். இந்தக் கரையின் கலை கூத்தோடு முடிந்துவிடுவதில்லை. காத்தான்குடிப் பக்கத்துக் களிகம்பாட்டக்காரர், கபறிஞ்ஞா நடனம் ஆடும் பறங்கியர் போன்ற அயற்சமூகத்தவரும் அதில் பங்குள்ளவர்கள். போர்த்துக்கேயக் கிரியோல் மொழியின் எச்சம் இன்றும் மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் கேட்கிறது. அவர்களின் பாட்டும் ஆட்டமும் பாடத்திட்டத்தில் பெறவேண்டிய இடம் இன்னும் பெரிது.

நிறுவகத்தின் இறுதியாண்டு மாணவர் ஒரு படைப்பும் ஓர் ஆய்வும் செய்யவேண்டும். ஆய்வுக்குப் பலர் தங்கள் ஊரையே எடுக்கிறார்கள்: ஊரில் ஆடப்பட்ட கூத்துகளின் பெயர், பழக்கிய அண்ணாவிமார் வரிசை, எந்த ஆண்டோடு களரி நின்றது, மறுபடி எப்போது தொடங்கியது, கொப்பி யார் வீட்டில் இருக்கிறது என்பவை. முதியவர் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக் கேட்கும் பிள்ளைக்குச் சில வேளை தன் பாட்டனார் பெண்வேடம் கட்டி ஆடியவர் என்பது அப்போதுதான் தெரியவருகிறது. 2009இல் போர் முடிந்து, 2013இல் கல்லடியில் புதிய பாலமும் திறந்தபின், இரவுப் பயணம் எளிதாயிற்று. 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் பக்கத்தில் இருக்க, புதிய பாலத்தால் மாணவர் படுவான்கரை அரங்கேற்றங்களுக்குப் போய், விடியும்வரை இருந்து, காலை வகுப்புக்குத் திரும்புகிறார்கள்.